வில் வேட்டைக்குக் கேனோவா, கயாக்கா? திரும்பி வர்ற பயணத்துக்குப் படகு வாங்குங்க

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து திருத்தி எழுதியது. பேச்சுநடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வி. வில் அம்போட மான் வேட்டைக்குத் தண்ணி வழியாப் போறவங்க எந்தப் படகை வாங்கணும்? கேனோவா, கயாக்கா?

"எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"னு நீங்க கேக்கலாம். நியாயம்தான். இந்தியாவுல 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அதனால சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ யாரும் இந்த முடிவை எடுக்கப்போறதில்ல. ஆனா நான் வேலை பார்க்கிறது மினியாபொலிஸ்ல, அமெரிக்காவோட வடக்கு ஓரத்துல இருக்கிற மினசோட்டா மாநிலத்துல. இங்க லைசென்ஸ் வாங்கி, சீசன்ல, வில்லோட மான் வேட்டைக்குப் போறது சட்டப்படியான, ரொம்ப சாதாரணமான விஷயம். வில் சீசன் செப்டம்பர் நடுவுல ஆரம்பிச்சு டிசம்பர் 31 வரைக்கும் போகும்.

நான் வேட்டைக்காரன் கிடையாது. ஆனா என் டீம்ல ஒருத்தர் வருஷா வருஷம் போறவர். இந்த வருஷம் அவர் சொந்தமா ஒரு படகு வாங்கி, வடக்குப் பக்கம் ஏரிக்காட்டுக்குள்ள போகணும்னு திட்டம் போட்டார். துடுப்பு போட ரெண்டாவது ஆளா நான் வர்றேன்னு சொல்லிட்டேன். அதாவது, அவர் எந்தப் படகை வாங்கினாலும் அதுல உட்காரப்போறது நானும்தான். அக்டோபர் கடைசியில, குளிர் தண்ணியில. அதனால இந்தக் கேள்வியை நான் கொஞ்சம் சீரியஸா எடுத்துக்கிட்டேன். ஸ்ப்ரெட்ஷீட் எல்லாம் போட்டாச்சு.

அதுல கிடைச்ச பதிலை முதல்லயே சொல்லிடுறேன். போகும்போது படகு எப்படி ஓடுதுன்னு பார்த்து வாங்காதீங்க. திரும்பி வரும்போது எப்படி இருக்கும்னு பார்த்து வாங்குங்க. ஏன்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

வேட்டைக்கு எதுக்குப் படகு?

துப்பாக்கி வச்சிருக்கிறவர் நூறு, நூத்தம்பது கஜம் தள்ளி இருக்கிற மானைக்கூட குறி வைக்கலாம். வில்லுக்கு அது முடியாது. இன்னைக்கு பெரும்பாலானவங்க வச்சிருக்கிறது காம்பவுண்ட் வில். ரெண்டு முனையிலயும் சக்கரம் மாதிரி கேம் இருக்கும். முழுசா இழுத்த பிறகு கையில தாங்க வேண்டிய எடை பல மடங்கு குறைஞ்சிடும். மிசூரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலனுக்கு 1969-ல இதுக்குக் காப்புரிமை கிடைச்சது. அப்படிப்பட்ட வில்லை வச்சும் மானை எய்யுறது சாதாரணமா 20, 30 கஜத்துக்குள்ளதான். அவ்வளவு பக்கத்துல மான் வரணும்னா அது உங்களைப் பார்க்கக் கூடாது, கேக்கக் கூடாது, முக்கியமா மோப்பம் பிடிக்கக் கூடாது.

இங்கதான் படகு உதவுது. காட்டுப் பாதையில நடந்து போனா, போன வழியெல்லாம் உங்க வாசனை தரையில ஒட்டிக்கும். தண்ணியில அந்தத் தடம் இல்ல. துடுப்புப் படகுல இன்ஜின் சத்தமும் இல்ல. இன்னொரு காரணம், கார் நிறுத்துற இடத்துல இருந்து நடந்து போகக்கூடிய தூரத்துல எல்லாரும் வேட்டையாடுவாங்க. ஏரிக்கு அந்தப் பக்கம், சதுப்புக்குப் பின்னாடி, தீவுக்குள்ள ஆள் நடமாட்டமே இருக்காது. மானுக்கும் அது தெரியும்.

மினசோட்டாவோட வடக்கு எல்லையில பவுண்டரி வாட்டர்ஸ் கேனோ ஏரியா வில்டர்னஸ்னு ஒரு காட்டுப்பகுதி இருக்கு. பேருலயே கேனோ. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல பரப்பு, ஆயிரத்துக்கு மேல ஏரிகள். பெரும்பாலான ஏரிகள்ல மோட்டாருக்கு அனுமதி இல்ல. ஒரு ஏரியில இருந்து அடுத்த ஏரிக்குப் போகணும்னா படகைத் தோள்ல தூக்கிட்டு நடக்கணும். அந்த நடைக்கு போர்ட்டேஜ்னு பேரு. எங்க திட்டமும் இங்கதான்.

போறப்போ வேற, வர்றப்போ வேற

வேட்டைப் பயணத்துக்கும் சும்மா ஊர் சுத்துற துடுப்புப் பயணத்துக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் இருக்கு. சுற்றுலாவுல போகப் போக எடை குறையும், ஏன்னா சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கிட்டே இருப்போம். வேட்டை கைகூடினா எடை கூடும். எவ்வளவு?

இங்க இருக்கிறது வெள்ளைவால் மான். வளர்ந்த ஆண் மான் 75 கிலோ சுமாருக்கு இருக்கும். விழுந்த இடத்துலயே குடல், உள்ளுறுப்பெல்லாம் எடுத்துடுவாங்க. அப்போ கால் பங்குக்குக் கிட்ட குறையும். மிச்சம் 60 கிலோன்னு வச்சுக்குவோம். நம்ம ஊர் கணக்குல சொன்னா, வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் தண்ணி கேன் மூணு. ஆனா கேன் மாதிரி கைப்பிடியோ வடிவமோ இல்லாத, காலும் கழுத்தும் நாலா பக்கமும் நீளுற 60 கிலோ.

எங்க கணக்கு இது. நான் 70 கிலோ, அவர் 95. கூடாரம், தூக்கப்பை, சாப்பாடு, மரத்துல கட்டி உட்கார்ற ஸ்டாண்ட், வில் எல்லாம் சேர்த்து 45. போகும்போது மொத்தம் 210. வரும்போது 270.

இப்போ நேரத்தைப் பாருங்க. மான் அதிகமா நடமாடுறது விடியக்காலையிலயும் சாயங்காலம் இருட்டுறதுக்கு முன்னாடியும். சாயங்காலம் அம்பு பட்டா மான் உடனே அதே இடத்துல விழாது, ஓடும். அனுபவம் உள்ளவங்க உடனே துரத்த மாட்டாங்க. துரத்தினா அது இன்னும் தூரம் ஓடி, கிடைக்காமலே போயிடும். அரை மணி நேரமாவது, பட்ட இடம் சரியில்லன்னா பல மணி நேரம், காத்திருந்து ரத்தத் தடத்தைப் பிடிச்சுப் போவாங்க. கண்டுபிடிச்சு, சுத்தம் பண்ணி, கரைக்கு இழுத்துட்டு வரும்போது நல்லா இருட்டியிருக்கும்.

ஆக, திரும்பி வர்ற பயணத்துல படகு ரொம்பக் கனமா இருக்கும், வெளிச்சம் இருக்காது, குளிர் கூடியிருக்கும், ஆளும் களைச்சிருப்பார். எல்லாம் ஒரே நேரத்துல. கடையில, ஜூலை மாச வெயில்ல, காலிப் படகுல உட்கார்ந்து பார்த்து "சூப்பரா போகுது"ன்னு சொல்றது இந்த நிலைமையைப் பத்தி எதுவுமே சொல்லாது. நம்ம பாஷையில சொன்னா, ஒரே ஒரு யூசரை வச்சு டெஸ்ட் பண்ணிட்டு தீபாவளி சேல் அன்னைக்கு சைட்டைத் திறந்து விடுற மாதிரி.

எடை எவ்வளவுங்கிறதை விட எங்கங்கிறது முக்கியம்

முதல்ல அடிப்படை. கேனோ மேல திறந்த, நீளமான படகு. இருக்கையில உட்கார்ந்தோ முட்டி போட்டோ, ஒரு பக்கம் மட்டும் அலகு இருக்கிற துடுப்பால வலிப்பாங்க. கயாக்ல தாழ்வா, காலை முன்னாடி நீட்டி உட்கார்ந்து, ரெண்டு பக்கமும் அலகு இருக்கிற துடுப்பால வலிப்பாங்க. கயாக்ல ரெண்டு வகை இருக்கு. உள்ள நுழைஞ்சு உட்கார்றது ஒண்ணு. மேலேயே உட்கார்றது இன்னொண்ணு. மேலே உட்கார்ற வகை கிட்டத்தட்ட நம்ம கட்டுமரம் மாதிரி: மேல ஏறுற தண்ணி அடியில இருக்கிற ஓட்டை வழியா வடிஞ்சிடும். வேட்டைக்காரங்களும் மீன் பிடிக்கிறவங்களும் கயாக் வாங்கினா பெரும்பாலும் இதுதான்.

இப்போ 60 கிலோ மானை ஏத்துவோம். படகு எவ்வளவு கீழ இறங்கும்? 17 அடி கேனோவுக்கு நான் போட்ட தோராயக் கணக்குல 2 சென்டிமீட்டர். 12 அடி கயாக்குக்கு 3 சென்டிமீட்டர். அவ்வளவுதான்! அப்போ மூழ்கிடுமோங்கிறது முக்கியமான கவலை இல்ல. கவிழுமா கவிழாதாங்கிறதுதான் கேள்வி.

கவிழுறது புவியீர்ப்பு மையத்தோட உயரத்தைப் பொறுத்தது. ஒகேனக்கல்ல பரிசல் ஏறியிருக்கீங்களா? ஏறின உடனே பரிசல்காரர் எல்லாரையும் கீழ உட்காரச் சொல்லுவார், சுத்தி சமமா உட்காரச் சொல்லுவார். அகலமான அடிப்பகுதி, தாழ்வான எடை, சமமான பரவல். இயற்பியல் மொத்தமும் அந்த ரெண்டு வாக்கியத்துல இருக்கு.

கேனோவுல மான் நடுவுல, படகோட தரையில படுத்திருக்கும். அதோட எடையோட மையம் கிட்டத்தட்ட நீர்மட்டத்துக்குப் பக்கத்துலயே இருக்கும், அதுவும் இருக்கையில இருக்கிற ரெண்டு பேருக்கும் கீழே. ஒழுங்கா வச்சா படகு முன்னைவிட நிதானமாகூட நிக்கும். மேலே உட்கார்ற கயாக்ல தளமே நீர்மட்டத்துக்கு மேல. பின்பக்கம் சாமான் வைக்கிற பள்ளம் கூலர் பெட்டிக்கான அளவு. முழு மான் அதுல அடங்காது, மேல ஏறிக் கிடக்கும். எடை மேலயும் போகுது, பின்னாடியும் போகுது. பின்பக்கம் அமுங்கினா மூக்கு தூக்கும். மூக்கு தூக்கினா காத்து அதைப் பிடிச்சுத் திருப்பும். நீங்க ஒரே பக்கமா வலிச்சு நேராக்கிட்டே இருக்கணும்.

உள்ளே உட்கார்ற கயாக்ல பிரச்சினை இன்னும் நேரடியானது. சாமான் அறையோட மூடி வழியா முழு மான் உள்ள போகாது. மாநில விதி அனுமதிக்கிற அளவுக்குத் துண்டு போட்டுத்தான் எடுத்துட்டு வரணும்.

படகு விளம்பரத்துல போட்டிருக்கிற "அதிகபட்ச எடை"யையும் கொஞ்சம் சந்தேகத்தோட படிங்க. அது படகு மிதக்கிற எல்லை. நல்லா ஓடுற எல்லை இல்ல. மீன்பிடி கயாக்குகளுக்கு 160-ல இருந்து 230 கிலோ வரை போட்டிருப்பாங்க. என் டீம் மேட் தனியா போனா அவர் 95, சாமான் 30, மான் 60: மொத்தம் 185. நிறைய மாடல்கள்ல இது எல்லையைத் தொடுது, சிலதுல தாண்டுது. 16, 17 அடி ரெண்டு பேர் கேனோவுல எங்களோட 270 கிலோ ஏறின பிறகும் மிச்சம் இருக்கும். தண்ணிக்கும் படகு விளிம்புக்கும் நடுவுல குறைஞ்சது 6 அங்குலம் இருக்கணும்ங்கிறது பழைய துடுப்புக்காரங்க கணக்கு. அந்த 6 அங்குலம்தான் அலை வந்தா உங்க காப்பு.

அப்போ கயாக் வேண்டாமா?

அப்படி இல்ல. கயாக் ஜெயிக்கிற இடம் இருக்கு.

மினசோட்டாவுக்கும் விஸ்கான்சினுக்கும் நடுவுல மிசிசிப்பி ஆறு ஓடுது. அதை ஒட்டி 1924-ல அமைச்ச ஒரு தேசிய வனவிலங்குப் புகலிடம் 261 மைல் நீளத்துக்கு, நாலு மாநிலத்தைத் தொட்டுப் போகுது. தீவுகள், கிளை ஓடைகள், சதுப்பு. படகு இல்லாம போக முடியாத இடங்கள் நிறைய. அங்க தனியா ஒருத்தர், அரை நாளைக்கு, கரையில இருந்து அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தீவுக்குப் போறார்னு வைங்க. கூடாரம் வேண்டாம், போர்ட்டேஜ் இல்ல. காத்து அடிச்சா தாழ்வா இருக்கிற கயாக் கேனோவைவிட நல்லா சமாளிக்கும். தனி ஆள் ரெண்டு அலகுத் துடுப்பால நேரா ஓட்டுறதும் சுலபம். மான் கிடைச்சா, அதை அங்கயே விட்டுட்டு வந்து, நண்பரையும் பெரிய படகையும் கூட்டிட்டுப் போய் எடுக்கலாம். தூரம் கம்மிங்கிறதால அது நடக்கிற காரியம்.

ஆக, கயாக் வாங்குறவர் தன்னைத்தானே கேட்டுக்க வேண்டிய கேள்வி: "மானை எப்படிக் கொண்டு வருவேன்?" அதுக்கு நேர்மையான பதில் இருந்தா கயாக் போதும். பதில் "அப்போ பார்த்துக்கலாம்"னா போதாது. ஏன்னா ஒரு உயிரை எடுத்த பிறகு, கறியைக் காட்டுல அழுக விட்டுட்டு வர்றதை இங்க எந்த நல்ல வேட்டைக்காரரும் ஏத்துக்க மாட்டார். "எப்படியாவது கொண்டு போயிடணும்"ங்கிற அந்த அழுத்தத்துலதான், சின்னப் படகுல பெரிய எடையை ஏத்துற முடிவை எடுப்பாங்க. படகு வாங்குற அன்னைக்கே அந்த முடிவு பாதி எடுத்தாச்சு.

தூக்கிட்டு நடக்கிற கணக்கு

பவுண்டரி வாட்டர்ஸ்ல போர்ட்டேஜ் நீளத்தை இன்னும் "ராட்"ங்கிற பழைய அளவுலதான் சொல்றாங்க. ஒரு ராட் பதினாறரை அடி, அதாவது கிட்டத்தட்ட ஒரு கேனோ நீளம். 100 ராட்னா அரை கிலோமீட்டர். கேட்கச் சின்னதா இருக்கு. ஆனா படகு ஒரு நடை, மூட்டை ஒரு நடைன்னா போய், திரும்பி, மறுபடி போகணும்: ஒன்றரை கிலோமீட்டர். மானுக்கு இன்னொரு நடை சேர்த்தா அஞ்சு தடவை அந்தப் பாதையைக் கடக்கணும்: ரெண்டரை கிலோமீட்டர். பாறையும் வேரும் சேறும் இருக்கிற பாதையில.

இங்க கேனோவுக்கு இன்னொரு பலம். நடுவுல தோளுக்குன்னே வளைவா ஒரு நுகக்கட்டை இருக்கும். தலைகீழாக் கவிழ்த்துத் தோள்ல வச்சுக்கிட்டு ஒரே ஆள் நடக்கலாம். மீன்பிடி கயாக் 35-ல இருந்து 50 கிலோ வரைக்கும் இருக்கும், தோள்ல உட்காராது. ரெண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடிக்கணும்.

எந்தப் பொருள்ல செஞ்ச கேனோ? கெவ்லார் கேனோ 18 அடிக்கு மேல இருந்தும் 20 கிலோகூட வராது. தூக்க சுகம். ஆனா புதுசு மூவாயிரம் டாலருக்கு மேல போகும். பாறையில உரசக் கூடாது. கரையில முட்டாம தண்ணியிலயே இறங்கி ஏறணும், அதனால முழங்கால் வரைக்கும் நீர்புகா பூட்ஸ் வேணும். பாலிஎத்திலீன் கேனோ விலை கம்மி, பாறையில இழுத்தாலும் தாங்கும், சத்தம் போடாது. ஆனா 17 அடிப் படகு 40 கிலோவைத் தாண்டிடும். அலுமினியம் கிட்டத்தட்ட அழியவே அழியாது. விமானம் செஞ்சுக்கிட்டிருந்த க்ரம்மன் கம்பெனி ரெண்டாம் உலகப் போர் முடியற நேரத்துல அலுமினியக் கேனோ செய்ய ஆரம்பிச்சது. அந்தப் பழைய படகுகள் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. ஆனா துடுப்பு ஒரு தடவை தட்டினா ஏரி முழுக்கக் கேக்கும். மானுக்கும்தான்.

என் கணக்கு: பாதையில போர்ட்டேஜ் ஒண்ணுக்கு மேல இருந்தா கெவ்லார், இல்லன்னா பாலிஎத்திலீன். வருஷத்துக்கு ஒரு தடவைதான் போறீங்கன்னா வாங்கவே வேண்டாம். ஈலி, கிராண்ட் மரே மாதிரி ஊர்கள்ல கெவ்லார் கேனோவை நாள் வாடகைக்குத் தர்ற கடைகள் இருக்கு.

வடிவத்துல மூணே விஷயம் பாருங்க. அடிப்பகுதி முழுத் தட்டையா இல்லாம லேசா வளைஞ்சிருக்கணும். முழுத் தட்டை கரையில ஆடாம நிக்கும், ஆனா அலையில சாஞ்சா சட்டுனு புரண்டுடும். லேசான வளைவு ஆரம்பத்துல கொஞ்சம் ஆடும், ஆனா சாஞ்ச பிறகு பிடிச்சு நிக்கும். ரெண்டாவது, விளிம்போட ஆழம். நடுப்பகுதி ஆழமா இருந்தா சுமையோட வரும்போது அலை உள்ள வராது. மூணாவது, முன்னும் பின்னும் ஒரே வடிவமா இருந்தா, தனியாப் போகும்போது முன் இருக்கையில திரும்பி உட்கார்ந்து நடுவுக்குப் பக்கத்துல இருந்து ஓட்டலாம்.

வில் எங்க இருக்கும்?

படகுல இருந்தே எய்யலாமான்னு சிலர் கேக்குறாங்க. மீனுக்கு எய்யுற போஃபிஷிங் வேற விளையாட்டு, அதுக்கு நின்னு எய்யுற அகலமான படகு வேணும். மானுக்கு, என் பதில்: படகு பஸ் மாதிரி. ஏறுங்க, இறங்குங்க, வேலையை இறங்கின பிறகு வச்சுக்குங்க.

காரணம் இருக்கு. காம்பவுண்ட் வில் 30 அங்குலத்துக்கு மேல நீளம். கயாக்ல தாழ்வா உட்கார்ந்து இழுத்தா கீழ்முனை காலுலயோ படகுலயோ இடிக்கும். 60 பவுண்ட் இழுவைன்னா 27 கிலோ. அதை ஆடுற தளத்துல, பக்கவாட்டுல இழுக்கிறீங்க. குறி தப்பினா மான் காயத்தோட ஓடும். சட்டமும் இருக்கு: தண்ணிக்குள்ள நிக்கிற, நீந்துற மானைக் கொல்லுறதுக்குப் பல மாநிலங்கள்ல தடை, நியூயார்க் உட்பட. ஒரு காலத்துல அங்க அடிரண்டாக் மலைகள்ல நாயை விட்டு மானை ஏரிக்குள்ள துரத்தி, படகுல போய்க் கொல்லுவாங்க. வின்ஸ்லோ ஹோமர் 1892-ல வரைஞ்ச 'ஹவுண்ட் அண்ட் ஹண்டர்' ஓவியத்துல அந்தக் காட்சிதான்: சின்னப் படகுல ஒரு பையன் குப்புறச் சாஞ்சு, தண்ணியில இருக்கிற மானோட கொம்பைப் பிடிச்சிருக்கான். அந்தப் படகு எந்த நொடியில கவிழும்னு பார்க்கிறவங்களுக்கே பயமா இருக்கும்.

அதனால வில் உறையில இருக்கணும், உறை படகோட குறுக்குக் கட்டையில கட்டியிருக்கணும். அம்புமுனை பிளேடு மாதிரி கூர்மை; மூடி போட்ட அம்பறாத்தூணியில மட்டும்தான். காத்தடிச்ச ரப்பர் கயாக் வாங்குறவங்களுக்கு இதை ரெண்டு தடவை சொல்லணும். இறகு வச்ச அம்பு நனைஞ்சா படிஞ்சுடும். தண்ணி வழியாப் போறவங்களுக்கு பிளாஸ்டிக் இறகு நல்லது.

குளிர்த் தண்ணி மன்னிக்காது

அக்டோபர் கடைசியில அங்க ஏரித் தண்ணி பெரும்பாலும் 10 டிகிரிக்குக் கீழ. ஃப்ரிட்ஜ் தண்ணிக்குப் பக்கத்துல. கனடாவோட மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் பரப்பின ஒரு எளிய கணக்கு இருக்கு: 1-10-1. தண்ணிக்குள்ள விழுந்தா, தானா வர்ற மூச்சுத் திணறலை அடக்க 1 நிமிஷம். கை கால் சொன்னபடி கேக்கிறது 10 நிமிஷம். உடம்பு குளிர்ந்து நினைவு போறதுக்கு 1 மணி நேரம்.

இதுல நிறைய பேர் பயப்படுறது கடைசி 1-க்கு. உண்மையில ஆளைக் கொல்றது பெரும்பாலும் முதல் 1-ம் நடுவுல இருக்கிற 10-ம். லைஃப் ஜாக்கெட் இல்லன்னா, நல்லா நீந்துறவர்கூட அந்த 10 நிமிஷத்துக்கு அப்புறம் கையை அசைக்க முடியாம மூழ்குவார். அமெரிக்கக் கடலோரக் காவல்படை வருஷா வருஷம் வெளியிடுற படகு விபத்து அறிக்கைகள்ல இது திரும்பத் திரும்ப வருது: மூழ்கி இறந்தவங்கள்ல பத்துல எட்டுப் பேருக்கு மேல லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கல. வேட்டைக்காரங்களுக்கு இது தனிச் சிக்கல், ஏன்னா தடியான கோட்டு மேல அதை மாட்டச் சோம்பல். உங்க வேட்டைக் கோட்டோட போய் ஜாக்கெட் அளவு பார்த்து வாங்குங்க.

10 நிமிஷம்னா எவ்வளவு தூரம்? அதுதான் உங்க வழித்தடத்தைத் தீர்மானிக்கணும். ஏரி நடுவுல குறுக்கே வெட்டாதீங்க, கரையை ஒட்டியே வாங்க. தூரம் ரெண்டு மடங்கானாலும் சரி. நெற்றி விளக்கும், செல்ஃபோன் சிக்னல் இல்லாத இடத்துக்கு சாட்டிலைட் மெசேஞ்சரும் வேணும். காத்து பலமா இருந்தா கிளம்பாதீங்க. ராத்திரி நல்லா குளிர்ற சீசன்ல, சுத்தம் பண்ணி மரத்துல உயரமாத் தொங்கவிட்ட மான் காலை வரைக்கும் கெடாது. நீங்க கரையில தங்குறதுக்கு ஒரு தார்ப்பாயும் தூக்கப்பையும் போதும். ஆனா அதை வைக்கப் படகுல இடம் இருக்கணும். பெரிய படகோட உண்மையான லாபம் இதுதான். "இன்னைக்குப் போக வேண்டாம்"னு சொல்ற சுதந்திரத்தை அது தரும்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு லோட் டெஸ்ட்

நாங்க கடைசியில முடிவு பண்ணது 17 அடி கெவ்லார் கேனோ, செகண்ட் ஹேண்ட். விக்கிறவரோட அனுமதியோட ஆகஸ்ட்லயே ஒரு ஏரியில இறக்கிப் பார்த்தோம். நீங்களும் இதே மாதிரி பண்ணலாம், எந்தப் படகா இருந்தாலும்.

60 கிலோவுக்குத் தண்ணி கேன்களை நடுவுல படுக்க வைங்க. நிமிர்த்தி வைக்காதீங்க, மையம் உயர்ந்துடும். உங்க மூட்டையையும் ஏத்துங்க. கேன் உருளாம ரெண்டு மூட்டைக்கு நடுவுல நெருக்கி வைங்க. மானையும் அப்படித்தான் வைக்கணும், கால்களை மடக்கிக் கட்டி, விளிம்புக்கு வெளியே எதுவும் நீளாம. அசையாத எடையைவிட, சாயும்போது கூடவே உருளுற எடைதான் கவிழ்க்கும். அப்புறம் விளிம்புக்கும் தண்ணிக்கும் நடுவுல ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க. 6 அங்குலம் இருக்கா?

அடுத்து இடுப்பளவுத் தண்ணியில, சாமானை இறக்கிட்டு, வேணும்னே கவிழ்த்துப் பாருங்க. திரும்ப ஏற முடியுதா? எவ்வளவு நேரம் ஆகுது? கோடையில, தெளிவான மனசோட உங்களுக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சுன்னா, அக்டோபர் இருட்டுல அந்த 10 நிமிஷத்துக்குள்ள முடியுமான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க. எங்களுக்கு முதல் தடவை ஏழு நிமிஷம், நாலாவது தடவை மூணு. நான் அந்த முன் இருக்கையில உட்கார ஒத்துக்கிட்டது அந்த நாலாவது தடவைக்கு அப்புறம்தான்.

சுருக்கமா சொல்லணும்னா: தனி ஆள், அரை நாள், கிட்ட இருக்கிற தீவு, உதவிக்கு ஆள் இருக்குன்னா கயாக். ராத்திரி தங்கல், போர்ட்டேஜ், மானை நீங்களே கொண்டு வரணும்னா கேனோ, 16-ல இருந்து 17 அடி. ரெண்டுக்கும் லைஃப் ஜாக்கெட் உடம்பு மேல இருக்கணும், படகுக்குள்ள இல்ல.

கேள்வி இருந்தா வழக்கம்போல வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.